பென்டிரைவில் அடங்காத கோலம்

மாதவிக்கு எங்களைக் கண்டதுமே பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் அவர் மெனக்கெடவில்லை.

"இவங்க யாரு?" என்று புருஷனைக் கேட்டார்.

"துப்பறியறவங்க," என்றார் வேலாயுதம். ஏதோ பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை உடைத்துவிட்டு நிற்பவர் மாதிரி குரல் இறங்கியிருந்தது.

"துப்பறிய என்ன இருக்கு? திருடி யாருன்னுதான் தெரியுமே!"

பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைகளுக்குப் பின்சந்தில் இருந்தது அவர்களுடைய கோலக் கடை. தீபாவளி வந்தால் ஷாப்பிங் மால் நடுவில் வண்ண அரிசியில் பெரிய கோலம் போடுவார்களே, அந்த வேலை. முதலில் கம்ப்யூட்டரில் வரைவார்கள். அதை அச்செடுத்துத் தரையில் ஒட்டி, மேலே அரிசியை நிரப்புவார்கள். மாதவியின் மயில் கோலத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்காத குடும்பம் இந்த ஊரில் குறைவு. நானும் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு என் பக்கத்தில் நின்ற பெண் இப்போது வேறொருவன் மனைவி. அதற்கு மயிலைக் குறை சொல்ல முடியாது.

நான் லோகன். துப்பறியும் சந்திரகலா அக்காவின் உதவியாள். மூளை அவருடையது, கார் என்னுடையது.

வேலாயுதம் காலையிலேயே எங்கள் ஆபீஸுக்கு வந்து விஷயத்தைச் சொல்லியிருந்தார். கிள்ளானில் ஒரு மால் தீபாவளிக் கோலத்துக்குப் போட்டி வைத்து டிசைன் கேட்டிருந்தது. மாதவி கடையிலிருந்து இருவாச்சிப் பறவைக் கோலம் ஒன்று போனது. வரைந்தவள் அனுப்பிரியா, மதுரையிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த பெண். அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, அதே கோலம் கிள்ளானில் இன்னொரு கோலக் கடை வைத்திருக்கும் குமுதாவிடமிருந்து முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது என்று. மால்காரர்கள் இரண்டையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். மாதவி அனுப்பிரியாவைக் கடையை விட்டே விரட்டிவிட்டார். நாளைக்குப் போலீஸில் புகார் கொடுக்கப் போகிறார். கொடுத்தால் அந்தப் பெண்ணின் பெர்மிட் போய்விடும், திருடி என்ற பட்டத்தோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். வேலாயுதத்துக்கு மனசு கேட்கவில்லை. அதனால் நாங்கள்.

"அவதான் எடுத்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் அக்கா.

"என் கண்ணால பார்த்தேன் லா! கம்ப்யூட்டர் ஒரு மாதிரி சத்தம் போடுது, பேக்கப் எடுத்து வைன்னு நான்தான் சொன்னேன். வெள்ளைப் பென்டிரைவ் ஒண்ணைச் சொருகினா. டி டிரைவ்ல இருந்த கோலம் அத்தனையும் இழுத்துப் போட்டா. ஒண்ணு விடாம உள்ளே போச்சு. முடிஞ்சதும் பிடுங்கிக் கைப்பையில போட்டுக்கிட்டா. அடுத்த வாரம் பார்த்தா குமுதா கையில என் டிசைன்!"

"முழுசா போச்சா? பார்த்தீங்களா?"

"பக்கத்துலயே நின்னேன். இதோ, நீங்களே பாருங்க. டிரைவ்ல கோலமெல்லாம் சேர்ந்து இருபத்தெட்டு ஜிபி. அவ பென்டிரைவ் முப்பத்திரண்டு. அழகா உட்கார்ந்துச்சு."

அக்கா திரையைக் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு கோலப் படத்தின் மூலையிலும் இரண்டு சின்ன நீல அம்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

"இந்த அம்பு?"

"அது எப்பவும் இருக்கும். கடை திறந்தப்ப என் தம்பி செட் பண்ணிக் குடுத்தான். இடம் மிச்சமாகும்னான்."

"இதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்திருக்கீங்களா?"

"எதுக்கு? மிஷின் நல்லாத்தானே ஓடுச்சு."

அக்கா இருவாச்சிக் கோலத்தைத் திறக்கச் சொல்லி போனில் படம் எடுத்துக்கொண்டார். எனக்குக் கோலம் தெரியாது. ஆனாலும் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த மயில்களையும் இந்த இருவாச்சியையும் மாறி மாறிப் பார்த்தபோது, மயில்கள் நிற்பது போலவும் இது இப்போதுதான் வந்து இறங்கியது போலவும் இருந்தது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

திறந்தது வாசலில் எட்டிப் பார்த்த ஓர் ஆன்டி.

"மாதவி, அந்த மதுரைப் பொண்ணு இல்லையா? பேத்தி சடங்குக்கு அவ கையால ஒரு கோலம் வேணும்."

"நான் இருக்கேனே ஆன்டி."

"பரவாயில்ல, அவ இருக்கறப்ப வரேன்."

ஆன்டி போய்விட்டார். மாதவி மவுஸைப் பிடித்திருந்த கையை எடுக்கவே இல்லை. விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன.

"பாவம், அந்தப் பொண்ணு கைராசி அப்படி..." என்று வேலாயுதம் ஆரம்பித்தார். மாதவி திரும்பிப் பார்த்தார். வேலாயுதம் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

---

ஃபெடரல் ஹைவேயில் வழக்கம்போல ஜாம். அக்கா ஆபீஸ் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் தடவினார்.

"லோகா, இதுல நிஜாம் ஒட்டின ஸ்டிக்கர் எங்கே?"

நிஜாம் என்பவன் எங்கள் லேப்டாப்பைச் சரிபார்க்கும் கம்ப்யூட்டர் கடைக்காரன். வயது என்னைவிடக் கம்மி, முடி என்னைவிட அதிகம். அக்கா ஒரு நாளைக்கு நாலு தடவை, "நிஜாம் எவ்வளவு தெளிவா சொல்றான் பாரு" என்பார். நான் ஏழு வருஷமாகத் தெளிவாகக் கார் ஓட்டுகிறேன், அதை யாரும் சொல்வதில்லை.

"தானா உரிஞ்சிருக்கும், அக்கா."

"நம்ம ஆபீஸ் ஸ்டிக்கர் உரியலை. லேப்டாப் கம்பெனி ஸ்டிக்கர் உரியலை. நிஜாம் பேர் மட்டும் நகத்தால சுரண்டினாப்ல தானா உரிஞ்சிருக்கு."

"வெயில், அக்கா."

அக்கா சிரித்தார். பிறகு அதே நிஜாமுக்கே போன் போட்டு, நீல அம்பு என்றால் என்னவென்று ஒரு பாட்டம் விசாரித்தார். நான் தேவையில்லாமல் ஹார்ன் அடித்தேன்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் குமுதாவின் கடை, ஒரு பலகாரக் கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு இருந்தது. குமுதா பெரிய ஆகிருதி, பெரிய சிரிப்பு.

"திருட்டுப் பட்டமா? வாங்க, டீ குடிச்சுட்டே வாங்கிக்கறேன்," என்றார்.

"அந்த டிசைன் எப்படி வந்துச்சு?" என்றார் அக்கா.

"ஒரு நாள் காலையில ஷட்டரைத் தூக்கினா, கீழே ஒரு கவர். உள்ளே பென்டிரைவ். அதுல ஒரே ஒரு கோலம். யாரோ விக்கறதுக்குச் சாம்பிள் போட்டிருக்காங்க, போன் வரும்னு பார்த்தேன். வரலை. மால்ல கேட்டாங்க, அனுப்பிட்டேன். ஆசைப்பட்டுட்டேன், அவ்வளவுதான். அந்தப் பறவையைப் பார்த்தா யாருக்குத்தான் ஆசை வராது? யாரோடதுன்னு தெரிஞ்சா நானே வாபஸ் வாங்கிக்கறேன்."

"யாரோடதுன்னு தெரியலையா? மூலையில மாதவி கடை மயிலிறகு முத்திரை இருந்திருக்குமே?"

குமுதா தலையைச் சொறிந்தார். "இருந்துச்சு. வெட்டிட்டு அனுப்பினேன்."

அந்தக் கவரில் வந்த கோலத்தை அவருடைய திரையில் திறக்கச் சொன்னார் அக்கா. தன் போனில் எடுத்த படத்தைப் பக்கத்தில் பிடித்தார். பறவை, பூ, விளக்கு, வட்டம், மூலையில் கடையின் மயிலிறகு. இரண்டும் ஒன்றுதான்.

"ஒண்ணுதான், அக்கா," என்றேன்.

"வாலைப் பாரு."

மாதவி கடைக் கோலத்தில் இருவாச்சியின் வால் முடியும் இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைக் கிளி ஒளிந்திருந்தது. குமுதாவுக்கு வந்ததில் கிளி இல்லை. அந்த இடத்தை யாரோ வாலின் வெள்ளையையே இழுத்து, வரி பிசகாமல் மூடியிருந்தார்கள்.

"நான் தொடலைங்க," என்றார் குமுதா. "கிளி ஒண்ணு இருந்துச்சுன்னே இப்பதான் பார்க்கறேன்."

---

அனுப்பிரியா கிள்ளானிலேயே, நர்ஸாக வேலை பார்க்கும் ஊர்க்காரப் பெண் ஒருத்தியின் அறையில் தங்கியிருந்தாள். இதுவும் மாதவியின் குற்றப்பட்டியலில் உண்டு: குமுதா ஊரிலேயே போய் உட்கார்ந்துகொண்டாளாம். நாங்கள் போனபோது பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அழுது முடித்த முகம்.

"வால்ல இருக்கிற கிளி?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார் அக்கா.

"என் அடையாளம்ங்க, மேடம். மதுரைக்காரின்னு. நான் வரைஞ்சது எல்லாத்துலயும் எங்கேயாவது ஒண்ணு இருக்கும். மாதவி அக்காவுக்குத் தெரியும்."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் ஒருதடவை ஒரு கஸ்டமர், 'கிளி போட்டதுதான் வேணும்'னு கேட்டாங்க. அதுலேர்ந்து சிரிக்கிறதில்லைங்க."

"பேக்கப் எடுத்தியாமே?"

"எடுத்தேங்க. ஆனா எல்லாம் அடங்கலைங்க, மேடம். இடம் பத்தலைன்னே வந்துச்சு. கால்வாசி கூட அடங்காது போல. மாதவி அக்காகிட்ட சொன்னேன், அவங்க போன் பேசிக்கிட்டே தலையாட்டுனாங்க. சரின்னு முக்கியமானதை மட்டும் எடுத்தேன். சம்பளம் வந்ததும் இன்னொரு பென்டிரைவ் வாங்கி மிச்சத்தை எடுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள..."

"எதை முக்கியம்னு எடுத்தே?"

அவள் வெள்ளைப் பென்டிரைவை நீட்டினாள். "மாதவி அக்காகிட்டயே குடுத்துடுங்க, மேடம். அவங்க நல்லவங்கதான். கோபத்துல பேசறாங்க."

அக்கா லேப்டாப்பைத் திறந்துகொண்டே, "லோகா, கீழே போய் தே தாரிக் தபாவ் பண்ணிட்டு வா," என்றார். முக்கியமான கட்டம் வரும்போதெல்லாம் எனக்குத் தேநீர் வாங்கும் வேலை வந்துவிடும். நான் பையோடு திரும்பியபோது லேப்டாப் மூடியிருந்தது. அக்காவின் முகம் இளகியிருந்தது.

"உள்ளே என்ன இருக்கு, அக்கா?"

"கோலம்தான் லா."

"இதை நிஜாம் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க."

"கண்டிப்பா," என்றார் அக்கா.

---

பிரிக்ஃபீல்ட்ஸ் திரும்பினோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. வழியில் அக்கா ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி, அனுப்பிரியாவின் பென்டிரைவ் மாதிரியே புதிதாக ஒன்று வாங்கியிருந்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி, மாதவி," என்றார் உள்ளே நுழைந்ததும். "அவதான்."

வேலாயுதத்தின் முகம் தொங்கிப்போனது. மாதவியின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. நான் அக்காவை முறைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"போலீஸ்ல எப்படி எடுத்தான்னு கேப்பாங்க. ஒருதடவை செஞ்சு காட்டுங்க, இவன் வீடியோ எடுத்துக்குவான். இதுவும் முப்பத்திரண்டு ஜிபிதான், புதுசு."

மாதவி உற்சாகமாக உட்கார்ந்தார். பென்டிரைவைச் சொருகினார். டி டிரைவைத் திறந்தார். கோலங்கள் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்து இழுத்துப் போட்டார்.

"இப்படித்தான். அவ்வளவுதான்."

கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டது. பிறகு ஒரு பெட்டி எழுந்தது. இடம் போதவில்லை, இன்னும் நூற்றைம்பது ஜிபிக்கு மேல் வேண்டும் என்றது.

மாதவி அதை ரத்து செய்துவிட்டு மறுபடி இழுத்தார். பெட்டி மறுபடி வந்தது.

"பென்டிரைவ் கோளாறு," என்றார்.

"பென்டிரைவ் நல்லாத்தான் இருக்கு," என்றார் அக்கா. "அண்ணே, வீட்டுல அப்பளம் வாங்கி டப்பாவுல அடுக்கி வைப்பீங்கல்ல? சின்ன டப்பாவுல எத்தனை அப்பளம் பிடிக்கும்?"

"நிறைய பிடிக்கும்," என்றார் வேலாயுதம் குழப்பமாக.

"அத்தனையையும் பொரிச்சு அதே டப்பாவுல போடுங்க பார்ப்போம்."

"அது எப்படி? அண்டா வேணும்."

"உங்க மச்சான் இந்த டிரைவை அப்படித்தான் செட் பண்ணியிருக்கார். உள்ளே போறதெல்லாம் அப்பளம் மாதிரி சுருங்கி உட்காரும். கோலத்துல ஒரே நிறம் பக்கம் பக்கமா வருதில்லையா, அதனால ரொம்பவே சுருங்கும். அந்த நீல அம்பு அதுக்கான அடையாளம். இங்கே இருக்கிறவரைக்கும் இருபத்தெட்டு. வெளியில சாதாரணப் பென்டிரைவுக்கு எடுத்தா பொரிஞ்சிரும். ஒருதடவையாவது எடுத்துப் பார்த்தவங்களுக்கு இது தெரியும். அனுப்பிரியாவுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒண்ணு விடாம உள்ளே போனதைக் கண்ணால பார்த்த உங்களுக்குத்தான் தெரியலை, மாதவி."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வீடியோவை நிறுத்தலாமா என்று கையால் கேட்டேன். எடுடா என்று அக்கா கண்ணாலேயே அதட்டினார்.

"சரி, நான் சரியாப் பார்க்கலை," என்றார் மாதவி. குரல் உயர்ந்தது. "முழுசா எடுக்கலைன்னா என்ன? அந்த ஒரு கோலத்தை எடுத்திருக்கா. குமுதாவுக்குக் குடுத்திருக்கா!"

"குடுத்தவங்க அதுல ஒரு வேலை செஞ்சிருக்காங்க. கிளியை அழிச்சிருக்காங்க. வரி பிசகாம, வருஷக்கணக்கா கோலம் போட்ட கை. ஆனா உங்க கடை மயிலிறகை அப்படியே விட்டுட்டாங்க. யோசிச்சுப் பாருங்க. திருடிக் குடுக்கிறவ முதல்ல எதை அழிப்பா? கடை முத்திரையைத்தானே? அது கண்ணுலயே படலை. கிளி மட்டும்தான் பட்டிருக்கு."

"அவளே அழிச்சிருப்பா, மாட்டிக்கக் கூடாதுன்னு!"

"மாட்டிக்கக் கூடாதுன்னா ரெண்டையும் அழிச்சிருப்பா. யார் பேர் கண்ணை உறுத்துதோ அதை மட்டும் சுரண்டறது வேற குணம். எங்க ஆபீஸ்லயே ஒருத்தன் இருக்கான், எனக்கு நல்லாத் தெரியும்."

நான் கேமராவைச் சரிசெய்வதில் மும்முரமானேன்.

வேலாயுதம் மனைவியைப் பார்த்தார். "மாதவி?"

மாதவி மவுஸைத் தள்ளிவைத்தார். பொய் சொல்ல இன்னும் ஒன்றிரண்டு வழி பாக்கி இருந்தது, எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் களைத்துப்போய்விட்டார் போல.

"ஆமா. நான்தான் போட்டேன்," என்றார். "ஷட்டருக்குக் கீழே நானே போய்ப் போட்டுட்டு வந்தேன்."

"நம்ம கடை டிசைனையா? ஏன் மாதவி?"

"நம்ம கடையா? யார் வந்தாலும் 'அந்தப் பொண்ணு இல்லையா'ங்கறாங்க. கோயில்ல கேக்கறாங்க, பாசார்ல கேக்கறாங்க. நீங்க கேக்கலையா? சாப்பிட உட்கார்ந்தா, 'அனு வரைஞ்சதைப் பார்த்தியா?' பார்த்தேன்! தினமும் பார்த்தேன். அவ ஒரு கோடு போடறதுக்குள்ள எனக்கு வயிறு எரியும். பன்னிரண்டு வருஷமா நான் மயில் போட்டேன், அது எப்படியிருக்குன்னு அவ பறவையைப் பார்த்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது." மூச்சு வாங்கியது. "அந்த மால்ல அது ஜெயிச்சிருக்கும். என் கடைப் பேர்லதான் ஜெயிச்சிருக்கும், ஆனா அது அவ கோலம்னு ஊருக்கே தெரியும். குமுதாகிட்ட தோத்தா தாங்கிக்கலாம். என் கடைக்குள்ளயே தோத்தா நான் எங்கே போறது?"

வேலாயுதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். எனக்கு மாதவிமேல் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. என் நகத்தடியில் இன்னும் கொஞ்சம் ஸ்டிக்கர் பசை இருந்தது.

"அதுக்கு அவளை ஏன் போலீஸ்ல குடுக்கணும்?" என்றார் வேலாயுதம்.

"போயிடுவால்ல. ஊருக்குப் போயிடுவால்ல!"

அக்கா கைப்பையிலிருந்து வெள்ளைப் பென்டிரைவை எடுத்தார். "இது அவ எடுத்த பேக்கப். உங்ககிட்ட குடுக்கச் சொன்னா. எல்லாம் அடங்காதுன்னு தெரிஞ்சதும், முக்கியமானதை மட்டும் எடுத்தாளாம்."

"அவ கோலமா இருக்கும்," என்றார் மாதவி கசப்பாக. "வேற எது முக்கியம் அவளுக்கு?"

"திறங்க."

திறந்தார். முதல் படம் ஒரு மயில். கொஞ்சம் கோணலான, கழுத்து தடித்த மயில். இரண்டாவதும் மயில். மாதவி கீழே கீழே போனார். கடை திறந்த வருஷத்திலிருந்து அவர் வரைந்த மயில்கள், தாமரைகள், குத்துவிளக்குகள் எல்லாம் வரிசையாக இருந்தன. பென்டிரைவ் நிரம்பும்வரை மாதவியின் கோலங்கள்தான். இருவாச்சி இல்லை. கிளி போட்ட ஒன்றுகூட இல்லை. அனுப்பிரியா தன்னுடையதைப் பிறகு எடுக்கலாம் என்று விட்டிருந்தாள். கம்ப்யூட்டர் அன்று ராத்திரியே நின்றுபோயிருந்தால் அவளுடைய ஒரு கோடுகூட மிஞ்சியிருக்காது.

மாதவி கடைசிப் படம்வரை போய்விட்டு மேலே வந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இதுலயும் அவளே ஜெயிச்சுட்டா," என்றார்.

அக்கா எனக்கு வீடியோவை நிறுத்தச் சைகை காட்டினார். "நாளைக்கு ஸ்டேஷன் போறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மாதவி போனை எடுத்தார். யாருக்கென்று நாங்கள் கேட்கவில்லை. எதிர்முனையில் பேசியது மாலின் தீபாவளி ஏற்பாடுகளைக் கவனிக்கும் ரேஷ்மா. மாதவி போனை மேஜைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

"ரேஷ்மா, அந்த இருவாச்சிக் கோலம் விஷயம். குமுதா திருடலை. என் கையாலதான் அங்கே போச்சு. காரணம் நேர்ல சொல்றேன். அந்தக் கோலமும் என்னோடது இல்ல."

"அலமாக்! அப்ப யார் வரைஞ்சது, அக்கா?"

"அனுப்பிரியா."

"உங்க கடையில வேலை செய்யற பொண்ணா? உங்க ஸ்டூடண்ட் லா, அப்படித்தானே? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் மறுக்கப் போவதில்லை, அந்தப் பெண் உட்பட. வேலாயுதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனைவியையே பார்த்தார். அக்காவும் பார்த்தார்.

மாதவி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இல்ல," என்றார். "அவ வரும்போதே இப்படித்தான் வந்தா."